மாமனார் வீட்டு மீன்தொட்டியின் சர்வீஸ் கார்டு

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. கல்லூரி ஆய்வகத்தில் இரண்டாமாண்டு மாணவர்கள் இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயில் பிடித்து, தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். எந்த உயரத்தில் ஓசை பெரிதாகக் கேட்கிறதோ அதைக் குறிக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவே என் மனைவி போனில் கூப்பிட்டாள். வகுப்பு நேரத்தில் அவள் கூப்பிடும் வழக்கமில்லை.

“அத்தான் போயிட்டாருங்க,” என்றாள்.

எங்கே போனார் என்று கேட்க வாயெடுத்தவன், அவள் குரலைக் கேட்டு நிறுத்திக்கொண்டேன்.

அத்தான் என்று அவள் சொன்னது அவளுடைய அக்காவின் கணவரை. எனக்குச் சகலை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்ததால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவர் ‘லிஃப்ட்காரர்’தான். அன்று ஒரு குடியிருப்பில் மாதாந்தர சர்வீஸ். லிஃப்டைத் தன் கையால் நிறுத்திவிட்டு, உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படியேறிப் போயிருக்கிறார். ஏழாவது மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். கருவிப் பை மடியில் இருந்ததாம். களைப்பாறுகிறார் என்று நினைத்து வாட்ச்மேன் கால்மணி நேரம் தொந்தரவு செய்யாமல் இருந்திருக்கிறார்.

“மாமாவுக்கு யார் சொன்னது?” என்று கேட்டேன்.

“அப்பாவுக்குத்தாங்க முதல்ல போன் போச்சு. அத்தான் போன்ல கடைசியா பேசின நம்பர் அப்பாவோடது. வாட்ச்மேன் அதைத்தான் அமுக்கியிருக்காரு.”

போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம் என்னவென்றால், மாமனார் என்னோடு கடைசியாக எப்போது பேசினார் என்று என் போனில் தேடிப் பார்த்தது. ஐந்து வாரத்துக்கு முன்பு. அதுவும் மகள் போனை எடுக்கவில்லை என்பதற்காக. செத்தவர் மேல் பொறாமைப்பட முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும். பிறகுதான் அழுகை வந்தது. மாணவர்கள் இசைக்கவையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமனாருக்கு இரண்டு மகள்கள், இரண்டு மருமகன்கள். மூத்தவரை ‘மாப்பிள’ என்பார். என்னை ‘சார்’ என்பார். நான் பெண் பார்க்கப் போனபோது, பையன் காலேஜில் வேலை பார்க்கிறான் என்று யாரோ சொன்னதும் சார் போட ஆரம்பித்தவர். பதினெட்டு வருடமாக அதிலிருந்து இறங்கவில்லை. இத்தனைக்கும் நான் பேராசிரியர் இல்லை. ஆய்வகத்தில் சோதனைகளைச் செய்துகாட்டும் ஆள். சாருக்கு அந்த வீட்டில் நல்ல நாற்காலி உண்டு. விளிம்பு உடையாத கோப்பையில் காப்பி உண்டு. மாப்பிளைக்கு அதெல்லாம் கிடையாது. அவர் செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போவார், பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்ப்பார். “அத்தே, பசி உயிரு போகுது. இது காலையில வச்சதா, இப்ப வச்சதா?” என்பார். “ஏன், காலையில வச்சதுன்னா உங்க வாய்க்குள்ள போகாதாக்கும்?” என்று மாமியார் கேட்பார். மருமகனிடம் மாமியார் அப்படிப் பேசிக் கேட்க எனக்கு எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. நான் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து உடையாத கோப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

லிஃப்ட்காரர் பத்தாவதோடு படிப்பை விட்டவர். பதினேழு வயதில் லிஃப்ட் வேலைக்கு வந்து, முதல் இரண்டு வருடம் கிரீஸ் டப்பா சுமந்தே தோள் ஒரு பக்கம் சரிந்துவிட்டது என்று சொல்வார். சரிந்த தோள் கடைசிவரை நிமிரவில்லை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டில் ஏறுமுன் கதவில் உள்ளங்கையை வைத்து ஒரு நொடி நிற்பார். “என்ன, ஜோசியம் பாக்கறீங்களா?” என்று ஒருமுறை கேட்டேன். “இல்ல சகல. எங்க வலிக்குதுன்னு கேக்குறேன்,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒரு வாரம் கழித்து அந்த லிஃப்ட் நின்றுபோய் அவரையே கூப்பிட்டார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு லிஃப்டின் மோட்டார் அறையிலும் சுவரில் ஒரு சர்வீஸ் கார்டு தொங்குமாம். தேதி, புகார், செய்த வேலை, மீதி வேலை, கையெழுத்து என்று ஐந்து கட்டம். வேலை முடிந்தால்தான் கையெழுத்து. மீதி இருந்தால் கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும், அடுத்து வருபவர் பார்த்து முடிக்க வேண்டும். இந்தக் கார்டை அவர் வீட்டிலும் வைத்திருந்தார். மிக்ஸியின் அடியில் ஒன்று, தையல் மெஷினின் இழுப்பறையில் ஒன்று, மகளின் சைக்கிள் சீட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் உறையில் ஒன்று.

“எனக்கும் ஒண்ணு எழுதித் தொங்கவிட்டிருப்பாரு. கழுத்து வலிக்கும்னு பாவம் பார்த்து விட்டுட்டாரு,” என்பார் அவர் மனைவி.

“உனக்கு எழுதினா மீதி வேலைக்கே தனி நோட்டு போடணும்,” என்பார் இவர்.

நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்ததும், “அது என்ன, எப்பப் பார்த்தாலும் கார்டு கார்டுன்னு. ஒரு அலட்டல்,” என்று என் மனைவியிடம் சொல்வேன். “உங்களுக்கு ஏன் எரியுது?” என்பாள். எனக்கு எரியவில்லை என்பேன்.

மாமனார் குடிநீர் வாரியத்தில் மீட்டர் படித்தவர். முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகக் குனிந்து எண்களைப் பார்த்து எழுதியவர். ஓய்வுபெற்றதும் ஒரு நான்கடி மீன்தொட்டி வாங்கினார். தேவதை மீன் நான்கு, நீலக் கோடு போட்ட சின்ன மீன்கள் ஒரு கூட்டம், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்கிற கறுப்பு மீன் ஒன்று. அந்தக் கறுப்பு மீனுக்கு அவர் வைத்த பெயர் ‘இன்ஸ்பெக்டர்’. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைக்குப் பிறகு நாற்காலியும் வாக்கரும்தான். தொட்டியின் விளக்கைப் போட, அணைக்க, தீனி போட, தண்ணீரின் சூடு பார்க்க எழுந்து எழுந்து போவதை மருத்துவர் தடுத்தார். மனிதர் சுருங்கிப் போனார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மீன்தொட்டிக்கென்றே ஒரு கன்ட்ரோலர் உண்டு. உள்ளங்கை அகலப் பெட்டி. விளக்கு, ஹீட்டர், தீனிப் பெட்டி எல்லாவற்றையும் அதில் செருகிவிட்டு, வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால் போனிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரின் சூடு குறைந்தால் போன் சத்தம் போடும். நானே தேடி, நானே படித்து, நானே வாங்கினேன். இதைப் பின்னால் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். மாமனார் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். “சாரே செய்றாரு பாரு,” என்று மாமியாரிடம் சொன்னார். பன்னிரண்டு மணிக்கும் பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. சிமிட்டினால் தேடுகிறது என்று அர்த்தம். நிலையாக எரிந்தால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பாஸ்வேர்டு சரி. போன் வைஃபையில் இருக்கிறது. பெட்டி மட்டும் சேர மறுத்தது. ரூட்டரை அணைத்துப் போட்டேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், அப்புறம் என்றேன். இரண்டு மணிக்கு என் மனைவி என் காதருகே வந்து, “விட்டுருங்களேன்,” என்றாள். மூன்றரை மணிக்கு லிஃப்ட்காரர் வந்தார்.

வழக்கம்போல முதலில் சமையலறை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே வந்து பெட்டியை எடுத்துப் பார்த்தார். தன் போனில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து ஏதோ தட்டினார். ஏழு நிமிடம். பச்சை விளக்கு சிமிட்டலை நிறுத்தி நிலையாக எரிந்தது.

“என்ன மாப்பிள பண்ணீங்க?” என்றார் மாமனார்.

“ஒண்ணுமில்ல மாமா. இந்த ரூட்டர்ல ஒரே பேர்ல ரெண்டு லிஃப்ட் ஓடுது. ஒண்ணு வேகமானது, ஒண்ணு மெதுவானது. சகல போன் வேகமான லிஃப்ட்ல ஏறி நிக்குது. இந்தப் பெட்டி இருக்கிற மாடியில அது நிக்காது. மெதுவானதைத் தனியாப் பிரிச்சு ஒரு பேர் வச்சேன், ஏறிக்கிச்சு. அவ்வளவுதான்.”

இரண்டு அலைவரிசை. குறைந்த அதிர்வெண், கூடுதல் அதிர்வெண். அலைகளைப் பற்றி இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுகிற ஆள் நான்.

“என்ன பேர் வச்சீங்க?” என்றார் மாமியார்.

“மாமா தொட்டி.”

“ஏன், அத்தை தொட்டின்னு வச்சா ஏறாதாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் சிரித்துச் சிரித்து இருமினார். இடுப்பு முறிந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் பெட்டியோடு வந்த குறிப்பேட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தேன். “சகல வாங்கின சாமான் முதல் தரம்,” என்று அவர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் போனில் சேர்த்ததால் எல்லாச் செய்தியும் அவர் போனுக்கே போயிற்று. எந்தக் கட்டடத்தின் உச்சியில் இருந்தாலும் மாமனாருக்கு அழைப்பு வரும். “மாமா, தண்ணி இருபத்துமூணுக்கு இறங்கிருச்சு. ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க.” “மாமா, இன்ஸ்பெக்டர் சாப்பிட்டாரா?” ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. மாமனார் அந்த அழைப்புகளுக்காகப் போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், “மாப்பிள எங்கேயோ பதினாறாவது மாடியில இருக்காரு. அங்கேருந்து இந்தத் தண்ணியப் பாக்குறாரு,” என்பார். ஒருமுறை என்னிடமே சொன்னார். அந்தப் பெட்டியை வாங்கிய என்னிடம்.

அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு என் அழைப்புக்காக அவர் காத்திருக்க வேண்டும், எடுத்ததும் ‘சொல்லுங்க மாப்பிள’ என்று ஒருமுறையாவது சொல்ல வேண்டும்.

லிஃப்ட்காரர் இறந்த மாதத்தின் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, அவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். நான் ஒரு புது ரூட்டரை வாங்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனேன். பழையது மெதுவாக இருக்கிறது, டிவியில் படம் நிற்கிறது என்றேன். புதியதை மாட்டி, புதுப் பெயரும் புது பாஸ்வேர்டும் வைத்து, டிவியையும் மாமனார் போனையும் சேர்த்துக் கொடுத்தேன். கன்ட்ரோலரை மட்டும் தொடவில்லை. விளக்கும் தீனியும் தம் பாட்டுக்கு நடக்கும். லிஃப்ட்காரர் போனுக்குச் செய்தி மட்டும் போகாது. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். என் கணக்கு இதுதான்: அழைப்பு வராமல் மாமனார் தவிப்பார், என்னைக் கூப்பிடுவார், நான் ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லோர் முன்னாலும் ஐந்தே நிமிடத்தில் அதை என் போனில் சேர்த்துக்காட்டுவேன். ஒரு வாரமாக ஆய்வகத்தில் அந்தக் குறிப்பேட்டை உரு போட்டிருந்தேன். அலைவரிசையை எப்படிப் பிரிப்பது, பெட்டியின் பொத்தானை எத்தனை நொடி அமுக்குவது, எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

அழைப்பு வரவில்லை. வியாழன், வெள்ளி, சனி. ஞாயிறு நானாகவே போனேன். தொட்டியருகே போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு நிலையாக எரிகிறது.

“உங்க புது ரூட்டர் நல்லா இருக்காமே. பெரிய மாப்பிள சொன்னாரு,” என்றார் மாமியார், உடையாத கோப்பையை நீட்டிக்கொண்டே.

எனக்குப் புரியவில்லை. புதுப் பெயரில் பெட்டி எப்படிச் சேர்ந்தது? ஆனால் கேட்டால் அசடு வழியும். “ஆமா, எல்லாம் பார்த்துத்தான் செட் பண்ணேன்,” என்றேன். மாமனார் நாற்காலியிலிருந்து என்னை ஒருமுறை பார்த்தார். மீனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அன்று மாலை லிஃப்ட்காரர் போனில், “சகல, ரூட்டர் பிரமாதம்,” என்றார். குத்திக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். “உங்களுக்குப் புடிச்சா சரி,” என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவில்லை. பதினைந்து நாள் கழித்து ஏழாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவரைப் பார்க்க வந்த கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தெருமுனைவரை ஆட்கள். வாட்ச்மேன்கள் சீருடையோடு வந்தார்கள். மூட்டு வலிக்காரப் பெண்மணிகள், தங்கள் மாடியில் லிஃப்ட் நின்ற ஒவ்வொரு நாளையும் சொல்லி அழுதார்கள். ஒரு வயதானவர், லிஃப்டுக்குள் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தபோது இவர் கதவுக்கு வெளியே நின்று தன்னோடு கிரிக்கெட் பேசிக்கொண்டே இருந்ததைச் சொன்னார். நான் ஓரமாக நின்று, எனக்கு இப்படி யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். கல்லூரி முதல்வர் ஐந்து நிமிடம் வருவார். ஆய்வக உதவியாளர் வருவார். அவருக்கு என் சாவிக்கொத்து வேண்டியிருக்கும்.

பிறகு தொட்டி. லிஃப்ட்காரரின் போன் அக்காவிடம் இருந்தது. என் மனைவியின் அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போனை அவர் அணைக்கவில்லை. அலமாரியில் சார்ஜில் போட்டிருந்தார். தண்ணீரின் சூடு குறையும்போதெல்லாம் அது சத்தம் போட்டது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு மாமனாருக்குப் பேசினார். “அப்பா, இருபத்துமூணு காட்டுதுப்பா. ஜன்னலைச் சாத்துங்க.” “சரிம்மா.” அவ்வளவுதான் பேச்சு. மாமனார் மறுபடியும் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். செத்துப்போன மனிதர் அந்த இடத்தைக்கூடத் தன் மனைவிக்கு விட்டுப்போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றரை வாரம் கழித்து என் மனைவி சொன்னாள். “அது சத்தம் போடும்போதெல்லாம் அக்காவுக்கு நெஞ்சை அடைக்குதாம். நீங்க உங்க போனுக்கு மாத்திக்குங்களேன்.”

இத்தனை நாள் நான் ஆசைப்பட்டது, கேட்காமலே கைக்கு வந்தது. ஞாயிறு காலை போனேன். பெட்டி தொட்டியின் மேசைக்குள், கதவுக்குப் பின்னால் இருந்தது. பொத்தானை ஐந்து நொடி அமுக்கினால் பழைய ஆளின் பெயர், அவர் குறித்துவைத்த நேரங்கள், எல்லாம் அழியும். பிறகு புதிதாகச் சேர்க்கலாம். தரையில் உட்கார்ந்து கதவைத் திறந்து கையை உள்ளே விட்டேன். பொத்தான் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்போது மணிக்கட்டில் ஏதோ உரசியது. கையை எடுத்துவிட்டேன்.

கதவின் உட்புறத்தில் ஒரு சர்வீஸ் கார்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“என்ன சார், பாம்பா?” என்றார் மாமனார்.

“இல்ல மாமா. சகலையோட கார்டு.”

“இங்கேயும் மாட்டியிருக்காரா?” நாற்காலியில் நிமிர்ந்தார். “எனக்குத் தெரியாதே. குனிய முடியாதுன்னு காட்டல போல. படிங்க.”

கார்டைக் கழற்றிப் படித்தேன். முதல் வரி, பெட்டியைச் சேர்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை. செய்த வேலை: ‘சகலை வாங்கிய கன்ட்ரோலர் வைஃபையில் சேர்த்தேன்.’ அடுத்தடுத்த வரிகள் ஹீட்டர், தீனிப் பெட்டி, வடிகட்டியின் பஞ்சு. எல்லாவற்றிலும் கையெழுத்து. போன மாதம் ஒன்றாம் தேதி: ‘பஞ்சு கழுவினேன்.’ அதற்கடுத்த வரியை மனதுக்குள் படித்தேன். அதை விட்டுவிட்டு அதற்கும் அடுத்ததற்குப் போனேன். “இருபத்தெட்டாம் தேதி...” என்று ஆரம்பித்தேன்.

“ஒரு வரி விட்டுட்டீங்க சார்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம் மீட்டர் படித்த மனிதர். “நடுவுல பதிமூணாம் தேதி வந்தாரே, வெள்ளிக்கிழமை. நான்தான் கூப்பிட்டேன். ரெண்டு நாளா போனே வரலியே மாப்பிளன்னேன். ராத்திரி பஸ்ஸுல வந்து இறங்குனவரு வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்கே வந்தாரு.”

படித்தேன்.

‘புகார்: தொடர்பு இல்லை. காரணம்: ரூட்டர் மாறியது (நல்ல ரூட்டர்). செய்த வேலை: புது ரூட்டருக்குப் பழைய பெயரும் பழைய பாஸ்வேர்டும் வைத்தேன். எல்லாம் தானாகச் சேர்ந்துகொண்டது. வீடு மாறியது பெட்டிக்குத் தெரியாது. சகலையிடம் சொல்லத் தேவையில்லை.’

என் போனுக்கும் அந்தப் பழைய பெயர் தெரியும். அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு நான் வந்தபோது அதுவும் தானாகவே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் கவனிக்கவேயில்லை. இவ்வளவு சுலபமான வழி உரு போட்ட எனக்குத் தோன்றவில்லை என்பதுதான், வெட்கத்துக்கும் முந்தி எனக்கு வந்த எரிச்சல்.

“மாமா, அன்னைக்கு நான் வேணும்னேதான்...” என்றேன்.

“நல்ல ரூட்டர்னு எழுதியிருக்காருல்ல?”

“ஆமா.”

“அப்புறம் என்ன. அடுத்ததைப் படிங்க.”

இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை. அவர் போவதற்கு இரண்டு நாள் முன்பு. செய்த வேலை என்ற கட்டத்தில் ஒரு கோடு. மீதி வேலை என்ற கட்டத்தில்: ‘சகலை போனையும் சேர்க்க வேண்டும். வாங்கியவர் அவர், அவருக்கும் தெரியணும். அழைப்பு அனுப்பிவிட்டேன். அவர் ஏற்றுக்கொண்டதும் முடியும்.’

மாமனார் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அந்த அழைப்பு எனக்கு நினைவிருந்தது. சனிக்கிழமை மாலை மின்னஞ்சலில் வந்தது. ‘மாமா தொட்டி’யைப் பார்த்துக்கொள்ள அவர் உங்களை அழைக்கிறார், ஏற்கிறீர்களா என்று. நான் வாங்கின பெட்டிக்கு எனக்கே விருந்தாளிச் சீட்டா என்று நினைத்து ஒதுக்கித் தள்ளினேன். இப்போது தேடி எடுத்து ஏற்கிறேன் என்பதைத் தொட்டேன். காலம் முடிந்துவிட்டது என்றது. ஏழு நாள்தான் செல்லுமாம்.

“அந்த வேலை முடிஞ்சுதா சார்?”

“இல்ல மாமா. அக்கா போன்லேருந்து மறுபடி அனுப்பணும்.”

“முடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க. கட்டம் காலியா இருந்தா மாப்பிளைக்குப் புடிக்காது.”

கார்டை இருந்த இடத்திலேயே மாட்டிக் கதவைச் சாத்தினேன். அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன்.

“எந்தப் பட்டன்னு சொல்லுங்க தம்பி, அமுக்கறேன்,” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “உங்களுக்கு வந்ததுக்கு அப்புறமும் இதுல சத்தம் வருமில்ல?” என்றார்.

“நெஞ்சை அடைக்குதுன்னு இவ சொன்னாளே அக்கா.”

“அடைக்கத்தான் செய்யுது. அதுக்காக நிறுத்திருவாங்களா? நீங்களும் பாருங்க, நானும் பாக்கறேன். அவரு இருந்தா அப்படித்தான சொல்லியிருப்பாரு.”

அடுத்த ஞாயிறு நேரில் வந்து செய்துதருகிறேன் என்றேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியும். என் போனும் சேர்ந்துவிட்டால், ஒரு நாள் அக்காவுக்கு முன்பே எனக்குச் சத்தம் கேட்கும். நான் மாமனாரைக் கூப்பிடுவேன். ஜன்னலைச் சாத்துங்க மாமா என்பேன். அவர் ‘சரி சார்’ என்பார். அதைக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அந்த ஞாயிறு போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. தொட்டி மேசையின் கதவுக்குப் பின்னால் கார்டின் கடைசி வரியில், தேதி இருக்கிறது, மீதி வேலை இருக்கிறது, கையெழுத்துக் கட்டம் காலியாக இருக்கிறது.